பெற்றவர் எழுதிய பொய்

2001-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற ‘லிட்டில் லீக்’ சிறுவர் பேஸ்பால் உலகத் தொடரில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி அணி மூன்றாமிடம் பெற்றது. அதன் பந்தெறி வீரனை நாடே புகழ்ந்தது. வயது வரம்போ 12, அவனுக்கோ 14! 1987-இல் பிறந்த மகனை 1989-இல் பிறந்தவனாகப் பொய்யாகப் பதிவு செய்து, தந்தையே பிறப்புச் சான்றிதழ் பெற்றிருந்தார்.

பேரீச்சம்பழம் தர எண்ணித் தன் குழந்தையை அழைத்த தாயிடம், ஒன்றும் கொடாதிருந்தால் அது பொய்யெனப் பதியப்பட்டிருக்கும் என எச்சரித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்). குழந்தையிடம் கூறும் பொய்க்கே அத்தகைய கணக்கெனில், குழந்தையையே பொய்யாக்கிய தந்தையின் கணக்கு யாது?

தந்தைக்கும் அணியின் நிறுவனருக்கும் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. சிறுவனுக்குத் தடையில்லை, அது நீதியே. ஆயினும், அவனோடு வியர்வை சிந்தி ஆடிய மற்றச் சிறுவர்களின் வெற்றிகளும் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன.