அலமாரியில் ஒளிந்திருக்கும் மாத்திரை

நம் இல்லங்களில் இரத்த அழுத்த மாத்திரை மேசைமீது வெளிப்படையாக இருக்கும். மனப்பதற்றத்திற்கான மாத்திரையோ அலமாரித் துணிகளுக்கிடையே ஒளிந்திருக்கும். சேக்காட்டில் நான் அறிந்த குடும்பங்கள் சிலவற்றிலும் இதுவே நிலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர் வாசலுக்கே வந்து அழுத்தம் பார்த்தாலும், அந்த இரண்டாவது மாத்திரையைப் பற்றி வாய் திறப்பதில்லை. ‘ஈமான் குறைவு’ என்று யாரேனும் சொல்லிவிடுவார்களோ என்னும் கூச்சம். அக்கூச்சத்தை வளர்த்ததில் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்குண்டு.

மறைப்பதால் வரும் தீங்கு சிறிதன்று. அல்பிரசோலம் உறக்கத்தையும் தளர்ச்சியையும் தரும். அழுத்த மாத்திரையுடன் சேரும்போது அழுத்தம் மேலும் தாழக்கூடும். ஸஜ்தாவிலிருந்து எழும்போது கண் இருட்டுவதையும், பஜ்ருக்கு உளூச் செய்யச் சென்ற தாய் தடுமாறி விழுவதையும் முதுமை என்றே விட்டுவிடுகிறோம். ஃப்ளூவாக்செட்டின், பாராக்செட்டின் ஆகியவை கல்லீரல் மெட்டோப்ரோலாலைச் சிதைப்பதைத் தடுக்கும்; அதனால் அம்மருந்து இரத்தத்தில் மிகுந்து, நாடித்துடிப்பு அளவுக்கு மீறிக் குறையலாம். வென்லாஃபாக்சின் மாறாக அழுத்தத்தை ஏற்றலாம்.

இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மெட்டோப்ரோலாலையோ அல்பிரசோலத்தையோ திடீரென விடுவது பேராபத்து. யூனானி மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் இட்டு மருத்துவர்முன் வையுங்கள். குடும்பத்தார் எதிரில் சொல்லத் தயங்கும் சகோதரி, தனியே பேச வேண்டும் என்று அவரிடம் கேட்கலாம்.