கறுப்பு மட்டும் வெள்ளமல்ல

ஓர் இடத்தின் செயற்கைக்கோள் படத்தில் நீர் தெரியவில்லை, ஆகவே அங்கே வெள்ளம் வரவில்லை, கட்டடம் கட்டலாம் என்கிறார்கள் சென்னையில் கட்டட அனுமதி கேட்பவர்கள். இந்த வாதம் அடிப்படையிலேயே தவறு.

வடகிழக்குப் பருவமழையில் மேகத்தை ஊடுருவிப் பார்ப்பது செயற்கைக்கோளின் ரேடார்தான். திறந்த நீர்ப்பரப்பு அதன் அலையை வேறுபக்கம் தெறிக்கவிடும். அதனால் படத்தில் கறுப்பாகத் தெரியும். ஆனால் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் கோரைக்கு அடியிலும், அடையாற்றங்கரையிலுள்ள கோட்டூர்புரத்தில் வீட்டுச் சுவர்களை ஒட்டியும் நிற்கிற நீர்? அலை நீரில் பட்டு, தண்டிலோ சுவரிலோ மோதி, வந்த வழியே திரும்புகிறது. அந்த இடம் வெளுத்துத் தெரியலாம். கறுப்பை மட்டும் எண்ணுகிறவர் அதைக் காய்ந்த நிலம் என்று எழுதிவிடுகிறார்.

நேரமும் உதவாது. ஒரு சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீரைத் திறந்தபோது அடையாறு யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

ரேடாரை நான் தள்ளவில்லை. பல ஆண்டுப் படங்களை மழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு, சுவர்களில் படிந்த நீர்க்கோடுகளோடு சரிபார்த்தால் அது வலுவான சான்று. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைக்கு அந்த உழைப்பு வேண்டும். ஒற்றைப் படத்தோடு வரும் கட்டட விண்ணப்பத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) திருப்பி அனுப்பட்டும்.