பிழை காதில் இல்லை, எலும்பில்

“உனக்குச் சுருதி ஞானம் இல்லை.” கிற்றார் பழக வந்த எத்தனை பிள்ளையளை இந்த ஒரு வசனம் வீட்டுக்கு அனுப்பியிருக்கு? நாங்கள் கேட்கிறது ஒண்டுதான்: இதைச் சொல்ல முதல் அந்தக் கிற்றாரை ஒருதரமாவது அளந்து பார்த்தீங்களா?

கணக்குப் பெரிசில்லை. கம்பி நீளம் 650 மி.மீ. எண்டால், 12ஆவது பிரெற் நட்டிலிருந்து 325 மி.மீ. தூரத்தில் இருக்கும். சரிபாதி. அதில் அழுத்தினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வரவேணும். ஆனால் அழுத்தேக்க கம்பி கீழே வளைஞ்சு இன்னும் இறுகுது, சுருதி ஏறுது. அதை ஈடுசெய்யத்தான் கம்பி தங்குகிற எலும்புக் கட்டையை, அதாவது சாடிலை, கணக்கில் வாற இடத்தைவிடக் கொஞ்சம் பின்னுக்கு வைக்கினம். உருக்குக் கம்பிக் கிற்றாரில் முதலாம் கம்பிக்கு ஏறத்தாழ 2 மி.மீ., தடிச்ச ஆறாம் கம்பிக்கு 4, 5 மி.மீ. கூடப் போகும். சாடில் சரிஞ்சு கிடக்கிறது அழகுக்கு இல்லை.

இந்தத் தூரத்தைத் தீர்மானிக்கிறது கம்பி. மின்கிற்றாரில் சுற்றில்லாத மூன்றாம் கம்பி, தன்னைவிடத் தடிச்ச, சுற்றுள்ள நாலாம் கம்பியைவிடக் கூடத் தூரம் கேட்கும். தடிப்பை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே இருக்கிற கம்பியின்ர விறைப்பும் முக்கியம். அப்படியிருக்க, “முதல்ல கிற்றாரைச் செய்வம், கம்பி பிறகு கிடைக்கிறதைப் போடுவம்” எண்டு சொல்லுறது என்ன நியாயம்? எந்தக் கம்பி எண்டு தெரியாமல் சாடிலுக்கு இடம் குறிக்கிறது, காலை அளக்காமல் செருப்புத் தைக்கிற வேலை. நைலோன் கிற்றாருக்கு உருக்குக் கம்பி பூட்டுறது அதைவிட மோசம். ஏறத்தாழ 40 கிலோ இழுவை தாங்கச் செய்ததில் 70 கிலோவுக்கு மேல் ஏற்றினால் பிறிட்ஜே கழண்டு வரும்.

வீணையைப் பாருங்கோ. 24 மெட்டும் மெழுகில்தான் நிக்குது. மெழுகு இளகிச் சுரம் விலகினால் மேளம் கட்டுறவரைக் கூப்பிட்டு மெட்டுகளைத் திருப்பி வைப்பிக்கினம். வாசிக்கிற பிள்ளையின்ர காதைப் பிழை சொல்லுறேல்லை. அந்த மரியாதை கிற்றார் பிள்ளைக்கு ஏன் இல்லை?

“நல்ல கலைஞன் எந்தக் கிற்றாரையும் வாசிப்பான்” எண்டு பதில் வரும். சரி, அவன் சமாளிப்பான். ஆனால் ஆக மலிவான, ஆகப் பிழையான கிற்றார் போய்ச் சேருறது அவனிட்ட இல்லை. சமாளிக்கவே தெரியாத, காசில்லாத பிள்ளையிட்டத்தான். கருவியின்ர குறைக்குப் பிள்ளையைத் தண்டிக்கிறதைப் பயிற்சி எண்டு சொல்லாதேங்கோ.

சோதிக்க ஐந்து நிமிசம் காணும். புதுக் கம்பி பூட்டிச் சுருதி சேருங்கோ. 12ஆவது பிரெற்றுக்கு நேரே கம்பியை மெதுவாத் தொட்டு மீட்டுங்கோ. பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கோ. அழுத்தின சுரம் ஏறி நிண்டால் சாடில் இன்னும் பின்னுக்குப் போகவேணும். இறங்கி நிண்டால் முன்னுக்கு வரவேணும். ஆறு கம்பிக்கும் பாருங்கோ. அதையெல்லாம் சரிசெய்த பிறகும் பிழைச்சால், அப்ப பிள்ளையின்ர காதைப் பற்றிக் கதைப்பம்.