எவ்வளவு பெரிய முன்பாய்?

படகின் முன்பாயை மாற்றுவது என்று போன அக்டோபரில் முடிவு செய்தோம். 'செய்தோம்' என்று பன்மையில் எழுதுவது ஒரு மரியாதைக்குத்தான். முடிவு செய்தது என் மனைவி.

இங்கே அடிக்கடி வந்து படிப்பவர்களுக்கு எங்கள் படகைத் தெரியும். 27 அடி நீளம், பழைய படகு. மேரிலாந்தில், செசபீக் விரிகுடாவில் போய்ச் சேரும் மகோத்தி ஆற்றில் கட்டி வைத்திருக்கிறோம். நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி என்றாலும், கொழும்புத் தோணிகளைக் கரையில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. பாய் பிடிக்கக் கற்றுக்கொண்டது ஓய்வு பெற்ற பிறகு, அறுபத்திரண்டு வயதில். இப்போது எழுபது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இம்மாதிரிப் படகில் இரண்டு பாய்கள். மரத்துக்குப் பின்னால் பெரிய பாய். மர உச்சியிலிருந்து படகின் மூக்குக்கு வரும் கம்பியில் முன்பாய். இந்த முன்பாயை வீட்டில் கோரைப்பாயைச் சுருட்டுகிற மாதிரி அந்தக் கம்பியைச் சுற்றியே சுருட்டிவிடலாம். அடியில் ஒரு உருளை, அதில் ஒரு கயிறு; பின்னால் உட்கார்ந்தபடியே இழுத்தால் போதும். ஃபர்லர் என்பார்கள். வயதானவர்கள் கடலில் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பாயின் அளவைச் சதவீதத்தில் சொல்வது வழக்கம். மரத்தின் அடியிலிருந்து முன்கம்பி வரை உள்ள தூரம் எங்கள் படகில் பத்தடி. பாயின் பின்மூலையிலிருந்து அதன் முன்விளிம்புக்குச் செங்குத்தாக அளந்தால் பதினைந்தடி வருமானால் அது 150 சதவீதம். மரத்தையும் தாண்டிப் பின்னால் வரும் அந்தப் பெரிய பாய்க்கு ஜெனோவா என்று பெயர். படகை வாங்கும்போது கூடவே வந்தது எங்களுக்கு அந்த 150தான்.

ஜூலையில் ராக் ஹாலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பெரிய பாயை ஏற்றச் சோம்பல்பட்டு ஜெனோவாவை மட்டும் விரித்திருந்தேன். இங்கே கோடை மத்தியானங்களில் மேற்கே திடீரென்று கறுத்துக்கொண்டு இடிமழை வரும். வானொலியில் எச்சரிக்கையும் வந்தது. "ஏங்க, சுருட்டிடலாம்" என்றாள். இன்னும் பத்து நிமிஷம் என்றேன். பத்து நிமிஷம் கழித்துக் கயிற்றை இழுத்தால் இரண்டு சுற்று வந்து நின்றுவிட்டது. விஞ்சில் போட்டு இழுத்தும் அசையவில்லை. அதற்குள் காற்று வந்துவிட்டது.

காற்று 10 நாட்டிலிருந்து 20 ஆனால் பாயின் மேல் விழும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 30 என்றால் ஒன்பது மடங்கு. அன்றைக்கு அதைக் கையாலேயே படித்தோம். பாயைக் கீழே இறக்கவும் முடியவில்லை. காற்றோடு சேர்ந்து ஓடுவதைத் தவிர வழியில்லை. ஓடினால் எதிரே கென்ட் தீவு. மழையில் கரை தெரியவில்லை. ஆழம் காட்டும் கருவியில் எண் குறைந்துகொண்டே வந்தது. ஒன்பது அடி வரை வந்ததைப் பார்த்தேன். பாயின் கயிறு சாட்டை மாதிரி வீசி அவள் முன்கையில் அடித்தது. இருபது நிமிஷத்தில் எல்லாம் ஓய்ந்தது. பாயின் பின்விளிம்பு இரண்டு முழத்துக்குக் கிழிந்து தொங்கியது. கையில் மயிரிழை முறிவு, ஆறு வாரம் கட்டு. கட்டுப் பிரித்த அன்று, அந்தப் பாய் இருக்கும்வரை படகில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சுருட்டச் சொன்னதையும் நான் கேட்காததையும் அவள் இன்றுவரை எடுத்துச் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

ஃபர்லர் பழசு, அதுதான் சிக்கியது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மரம் ஏறிப் பார்த்த மெக்கானிக் வேறு சொன்னார். பாயை மேலே தூக்கும் கயிறு முன்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்ததாம். எங்கள் கம்பியில் 33 அடி முன்விளிம்பு வரை ஏற்றலாம்; பழைய பாய்க்கு 31 அடிதான். அதனால் பாயின் தலையைப் பிடித்திருக்கும் சுழலி உச்சிக்குப் போகாமல் இரண்டடி கீழேயே நின்றது. அங்கிருந்து கயிறு கம்பிக்குக் கிட்டத்தட்ட இணையாக ஓடுகிறது. பாயைச் சுழற்றும்போது அதுவும் கூடவே சுற்றிக்கொள்கிறது. சுழலி உச்சிக்கு அருகில் இருந்து, கயிறு கம்பியை விட்டுச் சற்றுக் கோணமாகப் பிரிந்தால் சுற்றாது. குட்டையான பாய் என்றால் தலையில் ஒரு துண்டுக் கம்பியை இணைத்து நீட்டினாலே போதும். சில டாலர் சமாச்சாரம். எட்டு வருஷமாக எனக்கு இது தெரியாது.

அப்படியானால் பாயின் அளவின் மேல் குற்றமில்லையே, அதே 150ஐ இரண்டடி உயரமாகத் தைத்துக்கொள் என்றார் பக்கத்துத் துறையில் படகு கட்டியிருக்கும் நண்பர். செசபீக்கில் கோடை முழுக்கக் காற்று ஐந்து, ஏழு நாட்தான். பெரிய பாய் இல்லாவிட்டால் படகு நகராது. காற்று கூடினால் பாதி சுருட்டிக்கொள் என்பது அவர் கட்சி. இங்கே பாதிப் பேர் அந்தக் கட்சிதான்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. பாதி சுருட்டிய ஜெனோவா சின்னப் பாய் ஆகிவிடாது. சுருட்டும்போது மேலும் கீழும் இறுகி, நடுவில் துணி தொளதொளக்கிறது. காற்று கூடும்போது பாய் தட்டையாக வேண்டும். இது வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். படகு முன்னேறுவதை விட்டுப் பக்கவாட்டில் சாயும். முன்விளிம்பில் நுரைப்பட்டை வைத்துத் தைத்தால் ஓரளவு சரியாகும், ஓரளவுதான். துணி விஷயமும் இருக்கிறது. மெல்லிய காற்றுக்கென்று 150ஐ இலேசான டாக்ரானில் தைப்பார்கள். அதைச் சுருட்டிப் பலத்த காற்றில் ஓட்டினால் துணி இழுபட்டு நிரந்தரமாக உருக்குலைகிறது. (பாய்த்துணியின் அவுன்ஸ் கணக்கு ஒரு வேடிக்கை. முழுச் சதுர கஜத்தின் எடை இல்லை. 36 அங்குலத்துக்கு 28.5 அங்குலத் துண்டின் எடை. ஏன் என்று கேட்டால், பழைய நெசவு அகலம் என்கிறார்கள்.)

பாய் தைப்பவர், எல்லோரும் வாங்குவது 135, அதையே எடுங்கள் என்றார். நான் 125 கேட்டேன். சின்னதாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பழையது 15க்கு 31இல் பாதி, சுமார் 230 சதுர அடி. புதியது பன்னிரண்டரைக்கு 33இல் பாதி, சுமார் 205. இரண்டரை அடி அகலத்தை விட்டுக்கொடுத்தும், உயரத்தைச் சேர்த்ததால், போனது பத்தில் ஒரு பங்குதான். திருப்பும்போது மரத்தைச் சுற்றி இழுத்துவர வேண்டிய துணியும் குறைவு, எதிரே வரும் படகும் பாய்க்குக் கீழே தெரிகிறது.

வெளிநாட்டில் தைத்து அனுப்பும் கடைகள் விலை மலிவு. தையலும் மோசமில்லை, பெரிய கம்பெனிகளே இலங்கையிலும் சீனாவிலும்தான் நிறையத் தைக்கின்றன. ஆனால் அளவு எடுத்துத் தர வேண்டியது நாம். நான் எடுத்திருந்தால் பழைய பாயைத் தரையில் விரித்து அளந்து 31 அடி என்று எழுதி அனுப்பியிருப்பேன். அதனால் உள்ளூர்க்காரரிடமே கொடுத்தேன், படகுக்கு வந்து அளந்தார். வெயிலுக்குக் காப்பாக விளிம்பில் தைக்கும் பட்டை எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதைக்கூட ஃபர்லர் சுழலும் திசையைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டார். பட்டையின் நிறத்தை மட்டும் எங்களிடம் விட்டார். அவள் அடர்பச்சை என்றாள்.

ஏப்ரலில் ஏற்றினோம். முதல் நாளே 18 நாட் காற்று. பே பாலத்துக்கு வடக்கே பாதி வழியில் அவளே கயிற்றைக் கையில் வாங்கி, விஞ்ச் இல்லாமல், முழுவதையும் சுருட்டினாள். பிறகு விரித்தாள். மறுபடி சுருட்டினாள். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

இந்த ஜூலையில் காற்றே இல்லாத ஒரு சனிக்கிழமை, பாய் துவண்டு தொங்க நின்றுகொண்டிருந்தோம். நண்பர் தன் 150இல் மெதுவாக எங்களைத் தாண்டிப் போனார்; கையை ஆட்டிவிட்டு, வேண்டுமென்றே இன்னொரு தரம் ஆட்டினார். நாங்கள் எஞ்சினைப் போட்டோம்.