புரோக்கர் நோட்டும் புது சாப்ட்வேரும்

ஊரில் தம்பி முறையுள்ள பையன், அம்மா நகையை அடகு வைத்து நில புரோக்கர்களுக்கு ஒரு சாப்ட்வேர் செய்திருக்கிறான். பாறசாலை, நெய்யாற்றின்கரை வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் போட்டாச்சு. ஒருத்தரும் வாங்கவில்லை. "அண்ணே, என்ன தப்பு?" என்று மும்பைக்கு போன் போட்டான்.

பார்ட்டி பேரும் நம்பரும் எழுதிய நோட்டுதான் புரோக்கருக்கு முதல். அதை உன் சர்வரில் ஏற்று என்றால் எவர் தருவார்?

லோன் பைல் பார்த்தே தலை நரைத்தவன் சொல்கிறேன். 1956-ல் விளவங்கோடு தமிழகம் வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் பட்டா கேட்போம். பாறசாலையில் கரம் கட்டிய ரசீது கேட்போம். இக்கரை ஆள் அக்கரையில் வாங்கும்போது புரோக்கர் திணறுவது இங்கேதான். எந்தப் பக்கம் என்ன பேப்பர் என்பதை முதலில் இலவசமாய்ச் சொல்லிக் கொடு. நோட்டு அவரிடமே இருக்கட்டும். நம்பிக்கை வந்தபிறகு விலை பேசு.

சரிதானே மக்கா?