மண்ணுக்கு ராஜா

ரயில் எஞ்சினைக் கழற்றி லாரிக்குள் வைத்தால் என்ன ஆகும்?

சிரிக்காதீர்கள். 1974-ல் கனடாவில் நிஜமாகவே வைத்துப் பார்த்தார்கள். ஏதோ பட்டறை ஆசாமிகள் இல்லை, சாட்சாத் ஜெனரல் மோட்டார்ஸ். வண்டிக்கு டெரெக்ஸ் டைட்டன் 33-19 என்று நாமகரணம். பிறந்தது லண்டனில். (அங்கே ஆன்டாரியோ மாகாணத்திலும் ஒரு லண்டன் உண்டு.) 16 சிலிண்டர், 3,300 குதிரைத் திறன். நம்மூரில் வருஷக்கணக்காக எக்ஸ்பிரஸ்களை இழுத்துக்கொண்டு கரும்புகை கக்கிய டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சினுக்கே 2,600தான்!

நீளம் 66 அடி. அகலம் இருபத்தைந்தரை அடி. அதாவது நம்ம ரங்கநாதன் தெருவுக்குள் விட்டால் பாத்திரக் கடை, புடவைக் கடை இரண்டிலும் ஒரே நேரத்தில் ஷாப்பிங் முடிந்துவிடும். ஒரு நடைக்கு 350 அமெரிக்க டன், நம் கணக்கில் 318 டன் தூக்கும். பத்து டன் லாரிகள் முப்பத்திரண்டு வரிசை கட்டி வந்தால்தான் அந்த லோடு. மொத்தம் பத்து டயர்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு ஆள் உயரம். பாடியைத் தூக்கிக் கொட்டும்போது அதன் உச்சி 56 அடியில் நிற்கும்.

இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அத்தனை பெரிய எஞ்சின் இருக்கிறதே, அது சக்கரத்தைத் தொடுவதே கிடையாது. ஜெனரேட்டரை மட்டும் சுற்றும். அங்கிருந்து கரண்ட் பின்பக்கத்து நான்கு மோட்டார்களுக்குப் போய், அவைதான் சக்கரத்தைச் சுற்றுகின்றன. டீசல் ரயில் எஞ்சினிலும் இதே ஏற்பாடுதான். இந்த வகை வண்டிகள் இறக்கத்தில் வரும்போது கதை தலைகீழ். மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியை இழுத்துப் பிடிக்கும். அப்போது உற்பத்தியாகிற கரண்டை என்ன செய்வார்கள்? சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுவார்கள். இரண்டு மாதத்துக்கொரு தரம் கரண்ட் பில் கட்டுகிறவனுக்கு வயிறு எரியும்.

நான் பி.காம். எஞ்சினைவிட லெட்ஜர்தான் எனக்குப் புரியும். அதனால் பின்னணியைத் தோண்டினேன். அது வண்டியைவிட சுவாரஸ்யம்.

ரோட்டில் ஓடும் லாரியைக் குவாரிக்குள் விட்டு ஒடிப்பதற்குப் பதில், குவாரிக்கென்றே தனி டம்பர் செய்யலாம் என்று அமெரிக்காவில் 1934-ல் வண்டி இறக்கியது யூக்ளிட் கம்பெனி. 1953-ல் அதை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. 1959-ல் அமெரிக்க நீதித் துறை வழக்குப் போட்டது. 'இப்படியே போனால் மொத்த மார்க்கெட்டும் உன் பையில்' என்பதுதான் சாரம். கடைசியில் 1968-ல் யூக்ளிட்டை வொயிட் மோட்டார் கம்பெனிக்கு விற்கவேண்டி வந்தது. அதோடு நான்கு வருஷம் அமெரிக்காவுக்குள் இந்த வகை டம்பர் செய்யக் கூடாது என்று தடை.

சும்மா இருப்பார்களா? ஸ்காட்லாந்திலும் கனடாவிலும் செய்தார்கள்! பழைய பெயர் போய்விட்டதால் புதுப் பெயர் வேண்டும். லத்தீனில் டெர்ரா என்றால் மண், ரெக்ஸ் என்றால் ராஜா. ஒட்டினால் டெரெக்ஸ். (நம்ம அம்பாசடர் புகழ் இந்துஸ்தான் மோட்டார்ஸும் இதே டெரெக்ஸோடு கூட்டுச் சேர்ந்து திருவள்ளூரில் மண் வேலை எந்திரங்கள் செய்தது. பிற்பாடு அந்தத் தொழிற்சாலை கேட்டர்பில்லர் கைக்குப் போயிற்று.)

தடை தீர்ந்து இரண்டு வருஷத்தில் டைட்டன். லாஸ் வேகாஸில் சுரங்கக்காரர்கள் கூடின இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் செக் புத்தகத்தைத் திறக்கவில்லை.

கலிபோர்னியாவில் காய்சர் ஸ்டீலின் ஈகிள் மவுண்டன் இரும்புச் சுரங்கத்தில் 1975-ல் வேலைக்குச் சேர்ந்தது. அங்கே சுமார் 35 லட்சம் டன் அள்ளிப் போட்டது. ஆனால் ஆஜர் என்னவோ 70 சதவீதம்தான். மீதி நாள் ஷெட்டில். நான் படித்த காலேஜில் 75 இல்லாவிட்டால் பரீட்சைக்கே விட மாட்டார்கள். 1978-ல் கனடாவுக்குத் திரும்பி, ஸ்பார்வுட் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தது. அதற்குள் நிலக்கரி மார்க்கெட் படுத்துவிட்டது. ஆர்டர் வரவில்லை. இரண்டாவது டைட்டனைச் செய்யவே இல்லை.

தயாரித்தது ஒன்று, ஆர்டர் பூஜ்யம் என்றால் எந்த ஆடிட்டரும் தோல்வி என்றுதான் எழுதுவார். நானும் கிட்டத்தட்ட அந்த உத்தியோகம் பார்த்தவன்தான்.

2011-ல் அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு ஸ்டாக் எண்ணப் போனோம். எங்கள் ஜீப்பில் மூங்கில் உயரத்துக்கு ஒரு கம்பு, உச்சியில் சிவப்புக் கொடி. என்னவோ மந்திரி வருகிற மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் சொன்னார்கள், டம்பர்மேல் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு ஜீப் தெரியாது, கொடிதான் தெரியும் என்று. ஹாரன் பாஷை தனி. ஒன்று அடித்தால் ஸ்டார்ட். இரண்டு என்றால் முன்னால். மூன்று கேட்டால், நீங்கள் பின்னால் நிற்கக் கூடாது.

அங்கே 35 டன் டம்பர் ஒன்று பாடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் டாங்க்கைச் சுமந்துகொண்டு, தூசி அடங்கப் பாதையெல்லாம் தெளித்துக்கொண்டிருந்தது. எங்கள் லிஸ்ட்டில் அதன் மதிப்பு ரூபாய் ஒன்று. தேய்மானம் முழுக்கக் கழித்த பிறகு, சொத்து இருக்கிறது என்பதற்கு அடையாளமாக அப்படிப் போட்டு வைப்பது வழக்கம். ஆபரேட்டருக்கு (குவாரியில் யாரும் டிரைவர் என்பதில்லை) முழுக்க நரைத்த மீசை. லிஸ்ட்டை எட்டிப் பார்த்தார்.

"ஒரு ரூபாயா தம்பி?"

"கணக்குக்காக போடறதுண்ணே."

"இருவத்திரண்டு வருஷம் இதுலதான் ஓட்டுறேன். வர்ற மார்ச்சுல எனக்கு ரிட்டயர்மென்ட். எனக்கு எவ்வளவு போட்டு வெச்சிருக்கீங்க?"

"உங்களுக்கு கிராஜுவிட்டி வரும்ணே, அது வேற லெட்ஜர்" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஏணியில் ஏறினார். இரண்டு ஹாரன் கேட்டது.

டைட்டனுக்கு லெட்ஜர் மூடியது 1991-ல். வழக்கமாக அடுத்த வரி 'பழைய இரும்பு'. வெறும் வண்டி எடையே 235 டன், நல்ல விலை போயிருக்கும். ஸ்பார்வுட்காரர்கள் விற்கவில்லை. இதில் ஒரு விசேஷம் உண்டு. மிஷெல், நேட்டல் என்ற கரித்தூசி படிந்த பழைய சுரங்க ஊர்களை 1960களில் காலி செய்து, அந்த ஜனங்களைக் குடியமர்த்திய ஊர் அது. தாத்தா வீடு இருந்த இடத்தைக் காட்டப் பல பேருக்கு வீடே கிடையாது. அவர்கள் இந்த லாரிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் உள்ளே இல்லை. 1998 வரை உலகத்தின் மிகப்பெரிய லாரி என்ற பட்டத்தை, ஏழு வருஷம் நின்ற இடத்திலிருந்தே அது வைத்திருந்தது! பெலாரஸ்காரர்கள் 2013-ல் 450 டன் தூக்கும் பெலாஸ் 75710-ஐ இறக்கினார்கள். இருக்கட்டும்.

என் மச்சினன் கால்கரியில் இருக்கிறான். குடும்பத்தோடு போய், டைட்டனின் டயருக்குப் பக்கத்தில் நின்று போட்டோ அனுப்பியிருந்தான். டயர் அழகாக விழுந்திருக்கிறது, மச்சினன்தான் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. போன் போட்டு, "அந்த ஊர்க்காரங்க கணக்குல இதுக்கு இப்ப என்ன மதிப்பு போட்டிருக்காங்கன்னு விசாரிடா" என்றேன்.

"பக்கத்துலயே டூரிஸ்ட் ஆபீஸ் இருந்தது, கேட்டிருக்கலாம்" என்றான். "ஆனா மாமா, இதைப் பாக்க அங்க டிக்கெட்டே கிடையாது."