நம் ஊர் மருந்து

'மருந்து' என்று சொன்னால் பிற ஊரார் நோய் தீர்க்கும் மருந்தை நினைப்பார்கள். சிவகாசி வட்டாரத்தில் பிறந்த நமக்கோ வெடிமருந்துதான் முதலில் நினைவுக்கு வரும். உயிர் காக்கும் மருந்தொன்றும் நம் மண்ணிலே பூத்துச் சிரிக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கல்லறைத் தோட்டத்து ஓரத்தில், நீர் ஊற்றுவாரின்றி வளரும் நித்தியகல்யாணியைச் 'சுடுகாட்டு மல்லி' என்று நாம் ஒதுக்கிவிட்டோம். கனடா நாட்டு அறிஞர்களான இராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1958-ஆம் ஆண்டில் அச்செடியிலிருந்துதான் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். இரத்தப் புற்றுநோயால் வாடும் குழந்தைகளுக்குத் தரப்படும் வின்கிறிஸ்டினும் அச்செடியின் கொடையே.

ஆனால் இயற்கை அன்னை இங்கே மிகச் சிக்கனக்காரி. 1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்டினுக்கோ 2,000 கிலோவுக்கு மேல் வேண்டும்! எனவேதான் விஞ்ஞானிகள் திசு வளர்ப்பை நாடினர். கிருமி நீக்கிய சீசாவில் சர்க்கரை, உப்புக்கள், வளர்ச்சி ஊக்கிகள் கலந்த கூழில் இலைத் துணுக்கை வைத்து வளர்ப்பதே அம்முறை. பின்னர் மீதைல் ஜாஸ்மோனேட், சாலிசிலிக் அமிலம், ஈஸ்ட் சாறு போன்றவற்றில் ஒன்றைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். பகைவன் வந்துவிட்டான் என்று செல்கள் மயங்கித் தற்காப்புப் பொருள்களை மிகுதியாக உண்டாக்குகின்றன. அப்பொருள்களே நமக்கு மருந்தாகின்றன.

ஜப்பானில் 1983-ஆம் ஆண்டிலேயே ஷிகோனின் என்னும் செந்நிறப் பொருளைச் செல் வளர்ப்பின் மூலம் வணிக அளவில் தயாரித்தனர். நித்தியகல்யாணியோ அத்தனை எளிதில் வசப்படவில்லை. வின்பிளாஸ்டின் இரு பகுதிகள் இணைந்து உருவாவது. அவற்றுள் வின்டோலின் என்னும் பகுதி, இலையாக உருப்பெறாத செல்களில் சரிவர உண்டாவதில்லை. 2022-ஆம் ஆண்டில் இரு பகுதிகளையும் ஈஸ்ட்டிலேயே உருவாக்கிக் காட்டினர். எனினும் செய்ய வேண்டிய பணி இன்னும் ஏராளம்.

இங்கே ஒரு பாடம் உண்டு. அச்சீண்டல் அளவு மிஞ்சினால் செல்கள் மடிந்துவிடும். உணவும் தூய்மையும் தகுந்த வெப்பமும் தந்து வளர்த்த பின்னரே அணுவளவு சோதனை தருகிறார்கள். 'கஷ்டப்பட்டால்தான் பிள்ளைகள் உருப்படும்' என்று சொல்வோர் இதைச் சிந்திக்க வேண்டும். தீப்பெட்டி ஒட்டியும் வெடிக்குத் திரி வைத்தும் சிறுவயதைத் தொலைத்தவர்கள் நம் பாட்டிமாரிலும் உண்டு. அபாயகரமான தொழிலில் குழந்தையை ஈடுபடுத்துவோர், குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கிலே 1996-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தடை விதித்தால் மட்டும் போதுமா? அக்கைகளுக்கு வேறு கலையைக் கற்றுத் தரவேண்டாமா?

திசு வளர்ப்புக்கு வேண்டியவை பொறுமை, தூய்மை, நடுங்காத விரல்கள். இம்மூன்றும் நம் ஊர்ப் பெண்களிடம் குறைவின்றி உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இதைப் படித்துப் படம் வரைந்து மதிப்பெண் பெறுவதோடு நாம் நின்றுவிடலாகாது. பள்ளிதோறும் சிறு வளர்ப்பறை ஒன்று வேண்டும் என்பதே எம் கருத்து. தொடக்கத்தில் கூழைக் கிருமி நீக்க, அடுக்களைப் பிரஷர் குக்கரே போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: நித்தியகல்யாணி நச்சுத்தன்மை உடையது, வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம். அதற்குப் பதிலாக, அச்செடியை ஆராய விரும்பும் உங்கள் மகளை மேலே படிக்க அனுப்புங்கள். 'மருந்து' என்னும் சொல்லுக்கு நம் ஊரிலும் புதுப்பொருள் பிறக்கட்டும்!